வேலி மரமும் வயல் விளைவும்

நெல்லும் காய்கறியும் விளைவிக்கும் கமக்காரர் பலர் மரத்தைப் பயிருக்குப் பகையென்றே எண்ணுவர். மரத்தின் நிழல் பயிரை மெலியச் செய்யும். அதன் வேர் பயிருக்கென இட்ட நீரையும் உரத்தையும் கவரும். அதில் வந்து தங்கும் பறவைகள் கதிரைக் கொத்தும். இக்குற்றச்சாட்டுகள் மூன்றும் பொய்யல்ல. ஆயினும் நம் முன்னோர் தோட்டத்தின் நான்கு எல்லைகளிலும் பூவரசையும் கிளுவையையும் முள்முருக்கையும் நாட்டி, வயலோரத்திற் பனையையும் வேம்பையும் வளர்த்து, குளக்கட்டின் கீழ் மருதையும் இலுப்பையையும் வெட்டாது விட்டுவைத்தது அறியாமையினாலன்று. மரத்தினால் வரும் நட்டத்தையும் நயத்தையும் ஒருங்கே நிறுத்துப் பார்த்தே அவர்கள் அவ்வாறு செய்தனர். அவ்வாறு நிறுத்துப் பார்க்கும் வழக்கம் இடையில் விடுபட்டுப் போயிற்று. அது விடுபட்டதன் விலையை 2021 ஆம் ஆண்டிற் பலர் கொடுக்க நேர்ந்தது.

அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பர் மாதத்தில் அத்தடை நீக்கப்பட்டதாயினும் அதற்கிடையிற் பெரும்போக விதைப்புத் தொடங்கிவிட்டது. 2021/22 பெரும்போகத்தில் நெல் விளைவு நாடெங்கும் பெரிதும் வீழ்ந்தது. அதன் பின்னர் உரம் கிடைத்தபோதும் அதன் விலை முன்னையதிலும் பன்மடங்காயிருந்தது. அக்காலத்திற் பசளை தேடி அலைந்த கமக்காரர் குழைக்காகத் தம் வேலியை நோக்கியபோது, பலருடைய எல்லையில் வேலியே இருக்கவில்லை. முட்கம்பியும் தகரமும் மதிலுமே நின்றன. நெடுங்காலம் ஆளின்றிக் கிடந்து மீண்டும் கைக்கு வந்த காணிகளில் எல்லைக் கதியால்கள் முற்றாகவே அழிந்துபோயிருந்தன. ஒரு கட்டுக் குழைக்கு அயற்கிராமம் வரை வண்டி கொண்டுபோக வேண்டிய நிலை சிலருக்கு ஏற்பட்டது.

ஆகவே வேலியிலிருந்து எவ்வளவு பசளை பெறலாம், எவ்வளவு பெற முடியாது என்பதைக் கணக்காக அறிந்துகொள்வது நன்று.

குழையின் கணக்கு

குழைக்கெனப் பல மரங்கள் உளவெனினும் சீமைக்கிளுவை என்னும் கிளிசிரிடியாவை இங்கு எடுத்துக்கொள்வோம். மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த இம்மரம், தேயிலைக்கும் கொக்கோவுக்கும் நிழல் தரும் பொருட்டு இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. 2005 ஆம் ஆண்டில் அரசாங்கம் இதனைத் தேயிலை, இறப்பர், தென்னை என்பவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக ஏற்றுக்கொண்டது. இது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் வேர்ச் சிறுகணுக்களில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மரத்துக்கு உதவுகின்றன. அந்நைதரசனே இலையிற் சேர்கின்றது. பூவரசும் வேம்பும் இவ்வாறு காற்றிலிருந்து நைதரசனைப் பெறுவன அல்ல. அவை மண்ணின் ஆழத்திலிருந்து எடுத்ததையே இலையாகத் திருப்பித் தருகின்றன. அதுவும் பயனே, ஆனாற் புதிய வரவன்று.

சீமைக்கிளுவைப் பச்சைக் குழையில் முக்காற் பங்குக்கு மேல் நீரேயாகும். எஞ்சிய உலர்பொருளில் நூற்றுக்கு மூன்று முதல் நான்கு பங்கு வரை நைதரசன் உண்டு. இதன்படி 1000 கிலோகிராம் பச்சைக் குழையில் ஏறத்தாழ 7 கிலோகிராம் நைதரசன் இருக்கும். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் இருப்பதால், 1000 கிலோகிராம் குழை சுமார் 15 கிலோகிராம் யூரியாவுக்கு ஒப்பாகும்.

இனி வேலியைப் பார்ப்போம். சதுரமான ஓர் ஏக்கர் நிலத்தின் சுற்றளவு சுமார் 835 அடி. இரண்டடிக்கு ஒன்றாகக் கதியால் நாட்டினால் 400 கதியால்களுக்குச் சற்று மேல் அடங்கும். நன்கு வேர்கொண்ட மரமொன்று ஒரு வெட்டுக்கு 3 கிலோகிராம் குழை தருமாயின், ஒரு வெட்டில் 1250 கிலோகிராம். ஆண்டுக்கு மூன்று வெட்டாயின் 3750 கிலோகிராம். இது 56 கிலோகிராம் யூரியாவுக்கு, அதாவது ஒரு மூடைக்குச் சற்று மேற்பட்ட அளவுக்கு ஈடாகும். மூன்று கிலோகிராம் என்பது கணக்குக்காக எடுத்துக்கொண்ட அளவேயாகும். மண், மழை, மரத்தின் வயது என்பவற்றுக்கேற்ப அது கூடும், குறையும். கமக்காரர் ஒவ்வொருவரும் தம் வேலியில் நடுத்தரமான ஐந்து மரங்களின் குழையை வெட்டித் தராசில் நிறுத்துப் பார்த்தால் உண்மையான கணக்குக் கிடைத்துவிடும். அரைமணி நேர வேலை. அதனைச் செய்தவர் பிறர் சொல்லும் கணக்கை நம்பவேண்டியதில்லை.

இக்கணக்கிலிருந்து இரண்டு செய்திகள் புலப்படும். வேலிக் குழை மட்டும் ஓர் ஏக்கர் நெல்லுக்கு வேண்டிய நைதரசன் முழுவதையும் தராது. குழையிலுள்ள நைதரசன் முழுவதும் அப்போகத்திலேயே பயிருக்குச் சேர்வதுமில்லை. ஒரு பகுதி மண்ணில் உக்கலாகத் தங்கிப் பின்னரே வெளிப்படும். பொசுபரசும் இக்குழையில் மிகக் குறைவு. ஆகையால் "குழை இட்டேன், இனி வேறெதுவும் வேண்டாம்" என்பவர் ஏமாறுவர். மறுபுறத்தில், ஒரு மூடை யூரியா ஆண்டுதோறும் காசின்றி வேலியிலேயே விளைகின்றது என்பதும், உரம் வராத ஆண்டிலும் அது தவறாது விளையும் என்பதும் சிறிய காரியமல்ல. யூரியா தராத பொற்றாசியமும், மண்ணை இளக்கி ஈரத்தைப் பிடித்துவைக்கும் உக்கலும் அதனுடன் சேர்ந்து கிடைக்கின்றன. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலும் வன்னியின் மணற்பாங்கான நிலங்களிலும் உக்கலின் குறைவே பெருங்குறையாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தோட்டக்காரருக்கு இங்கு இன்னுமொரு செய்தி உண்டு. அங்கு மண்ணின் கீழுள்ளது வெடிப்பும் பிளவும் நிறைந்த சுண்ணக்கல். மிகையாக இட்ட யூரியா நைத்திரேற்றாக மாறி, பாய்ச்சும் நீருடன் கீழிறங்கி, குடிக்கும் கிணற்றையே சென்றடைகின்றது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் விதித்த இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்திருப்பது ஆய்வுகளில் வெளியாகியுள்ளது. அந்நீரிற் பால்மா கரைத்து ஊட்டப்படும் கைக்குழந்தைகளுக்கு அது தீங்கு விளைக்கக்கூடியது. குழை மெல்ல உக்கி மெல்லவே நைதரசனை விடுகின்றது. பயிரின் வேர் அதனைப் பிடித்துக்கொள்ள அவகாசம் கிடைக்கின்றது. குழையையும் எருவையும் அளவின்றிக் குவித்தால் அதனாலும் நைத்திரேற்றுக் கூடும் என்பதை மறத்தலாகாது.

குழை தாழ்த்தும் முறை

சேற்று விதைப்பும் நாற்று நடுகையும் நடைபெறும் வயல்களில், முதலுழவுக்குப் பின் குழையைப் பரப்பி அடுத்த உழவில் மிதித்து மடக்கவேண்டும். விதைப்புக்கோ நடுகைக்கோ இரண்டு கிழமைக்கு முன் இதனை முடித்தல் வேண்டும். பச்சைக் குழை நீருக்கடியில் உக்கும்போது வெளிப்படும் வாயுக்களும் அமிலங்களும் இளவேரைக் கருக்கும். குழை இட்ட மூன்றாம் நாளில் விதைத்துவிட்டு, முளை மஞ்சளித்தபின் குழையைப் பழிப்பவர் உளர், குற்றம் குழையினதன்று. விரலிலும் தடித்த கொம்புகளை வயலில் இடாது உரித்தெடுத்து விறகுக்குப் பயன்படுத்துக. அவை ஒரு போகத்தில் உக்கா. உழுபவனின் காலையும் குத்தும்.

புழுதி விதைப்புச் செய்யும் மானாவாரி நிலங்களில் இம்முறை பொருந்தாது. அங்கு ஈரமின்றி இட்ட குழை காய்ந்து காற்றிற் பறந்துவிடும். முந்திய அறுவடைக்குப் பின் மண்ணில் ஈரம் இருக்கும்போதே குழையை மடக்கி உழுதுவிடுதல், அல்லது குழையை எருக்குவியலில் அடுக்கி மக்கவைத்து விதைப்புக்கு முன் கொண்டுபோய்ப் பரப்புதல் ஏற்றது.

தோட்ட நிலத்தில், மிளகாய், கத்தரி, வெங்காயம் முதலியவற்றுக்கு, சால் எடுத்துக் குழையை இட்டு மண்ணால் மூடும் பழைய முறையே இன்றும் சிறந்தது. பழைய பனையோலையையும் வேலியிற் கழித்த கிடுகையும் இவ்வாறே தாழ்ப்பர். ஓலை உக்க நெடுநாள் செல்லும். சீமைக்கிளுவை சில கிழமைகளிலேயே உக்கும். இரண்டையும் கலந்து தாழ்த்தினாற் குழை முதலிலும் ஓலை பின்னருமாகப் பயிருக்கு உதவும். இவ்விதமாக அடுக்கடுக்காகப் பசளையிடும் அறிவு புதிதாக யாரும் கற்பித்ததன்று, தோட்டக்காரரின் கைப்பழக்கமேயாகும்.

மதிலும் வேலியும்

வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை வீசும் சோளகக் காற்றை, கிழக்கில் கச்சான் என்பர், காய்கறி செய்வோர் நன்கறிவர். காலையில் இறைத்த நீரை மாலைக்குள் உறிஞ்சிவிடும் காற்று அது. வாழையின் இலையைக் கிழிக்கும். மிளகாயின் பூவை உதிர்க்கும். மேல்மண்ணை வாரிக்கொண்டு போகும். இதற்குத் தடையாக மதில் கட்டியவர் ஒரு புதுமையைக் கண்டிருப்பர். மதிலுக்கு அணித்தே காற்று அடங்குகின்றது. சிறிது தூரத்தில் அது சுழன்று கீழிறங்கிப் பயிரை முன்னிலும் கடுமையாக அலைக்கின்றது. முற்றாக அடைத்த தடையின் மேலேறிய காற்று மறுபுறத்திற் சுழித்து விழுவதே இதற்குக் காரணம். உயிர்வேலி அவ்வாறன்று. காற்றில் ஒரு பகுதியைத் தன் இலைகளினூடே மெல்ல விடுவதால் மறுபுறத்திற் சுழி எழுவதில்லை. வேலியின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகம் தெளிவாகக் குறையும். பத்தடி உயரமான வேலி நூறடிக்குக் காவல். குடாநாட்டின் சிறு தோட்டங்களுக்கு இது பெரும்பாலும் போதுமானது. இறைப்புக்குச் செல்லும் எண்ணெய்ச் செலவும் மின்சாரச் செலவும் இதனாற் குறையும் என்பதைத் தோட்டக்காரர் தாமே கணக்கிட்டுக்கொள்வர்.

ஆகவே சோளகம் வரும் தென்மேற்குப் பக்கத்து வேலியை அக்காலத்தில் மொட்டையாக வெட்டுதல் கூடாது. அப்பக்கத்தில் ஒன்றுவிட்டொரு மரமாக வெட்டினாற் காற்றுத்தடையும் குழையும் இரண்டும் கிடைக்கும்.

நிழலைப் பற்றிய அச்சத்துக்கு விடை, வெட்டும் காலத்திலும் நாட்டும் பக்கத்திலும் உள்ளது. மார்கழி மாதத்திற் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நிழல் வடக்கே விழும். ஆகையாற் பெரும்போகத்தில் வடக்கு எல்லையில் நிற்கும் மரம் தன் நிலத்துப் பயிரைச் சற்றும் மறைக்காது. அயலவரின் பயிரை மறைக்கும். அதனால் வரும் பிணக்கை நினைவிற்கொண்டு, போகத்தின்போது அவ்வேலியையும் மூன்று, நான்கடி உயரத்திற்குக் குறைத்துவிடுவது நல்லது. எல்லைக் கதியாலை அரக்கி நாட்டியதால் வழக்காடியவர் போதும், நிழலுக்காகவும் வழக்காடவேண்டுவதில்லை. வேரின் போட்டியைத் தடுக்க, வேலிக்கும் முதற் பாத்திக்கும் இடையில் ஒன்றரையடி ஆழமான ஒடுங்கிய கானொன்று வெட்டி, ஆண்டுக்கொருமுறை அதனுள் நீண்டுவரும் வேர்களை மண்வெட்டியால் அறுத்துவிடுக. மரம் இதனாற் சாகாது.

எம்மரம், எவ்விடம்

வேலி முழுவதிலும் ஒரே மரத்தை நாட்டுதல் ஆபத்தானது. 1980களில் இபில் இபில் என்னும் மரம் பெரிதும் புகழப்பட்டுப் பரவலாக நாட்டப்பட்டது. அப்பத்தாண்டின் பிற்பகுதியில் அதன் தளிரை உறிஞ்சும் சிறு பூச்சியொன்று ஆசிய நாடுகளெங்கும் பரவி, ஒரே பருவத்தில் அம்மரங்களை மொட்டையாக்கிற்று. அதை மட்டும் நம்பியவர் குழையுமின்றித் தீனியுமின்றி நின்றனர். ஆகவே சீமைக்கிளுவைக்கு இடையிடையே பூவரசு, கிளுவை, முள்முருக்கு, வாதராணி என்பவற்றையும் நாட்டுக. ஆடு வளர்ப்போருக்கு இக்கலப்பு மிகவும் உதவும். சீமைக்கிளுவையின் மணத்தால் ஆடு மாடுகள் முதலில் அதனை விலக்கும்; வெட்டிச் சில மணிநேரம் வாடவிட்டு, பழகிய குழையுடன் சிறிது சிறிதாகக் கலந்து கொடுத்தால் விரும்பித் தின்னும்.

தைலமரத்தை வயலோரத்தில் நாட்டுதல் கூடாது. அது மிகுந்த நீரை உறிஞ்சும். தேக்கு நல்ல செல்வமே. ஆயினும் அதன் இடம் பயிரில்லாத மூலையே. வேம்பை வேலி மூலைகளிலும் களஞ்சியத்துக்கு அண்மையிலும் வளர்க்கலாம். உலர்ந்த வேப்பம் பருப்பு 50 கிராமை இடித்து ஓர் இலீற்றர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரங் கரைத்து மாலையில் தெளித்தால், இலையைத் தின்னும் புழுக்களும் சாறுறிஞ்சும் பூச்சிகளும் காய்கறிகளிற் குறையும்.

பனையைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். வயலோரத்தில் நிற்பதற்குப் பனையைப் போற் பொருத்தமான மரம் பிறிதில்லை. அதன் நிழல் சிறியது, நார்வேர் மண்ணைப் பிணித்து உடைப்பைத் தடுக்கும், ஓலை பசளையாகும். போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் பனைகள் பெருந்தொகையாக அழிந்தன. அவற்றுக்கு ஈடுசெய்வதற்குப் பணம் வேண்டுவதில்லை. ஆவணி, புரட்டாதியிற் பொறுக்கிய விதையை மழை தொடங்கும்போது எல்லையோரத்தில் நிலையாக ஊன்றிவிட்டாற் போதும். பயன் காணப் பதினைந்தாண்டு செல்லும் என்பது மெய்யே. ஊன்றாவிடிற் பதினைந்தாண்டுக்குப் பின்னும் அது கிடைக்காது. நிற்கும் பனையை வெட்ட எண்ணுவோர் 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தை அறிந்திருத்தல் வேண்டும். பலா, ஈரப்பலா, பெண்பனை என்பவற்றை அனுமதியின்றி வெட்டுதல் குற்றமாகும்.

குளத்தைச் சார்ந்த மரங்கள்

குளத்து நீரை நம்பிய வன்னிக் கமக்காரருக்கு வேலி மரத்திலும் முக்கியமானது குளத்தின் மேற்பக்கத்து மரமாகும். 1956 ஆம் ஆண்டளவில் இந்நாட்டின் நிலப்பரப்பில் நூற்றுக்கு 44 பங்கு காடாயிருந்தது. 2010 ஆம் ஆண்டளவில் அது 30 பங்கிலும் சற்றுக் குறைந்துவிட்டது. குளத்துக்கு நீர் வரும் மேட்டுக் காட்டை வெட்டிச் சேனை செய்தால், முதல் மழையிலேயே மண் கரைந்து குளத்திற் படியும். குளம் ஆழங்குறைந்து அகலமாகும். அகன்ற நீர்ப்பரப்பிலிருந்து வெயிலுக்கு ஆவியாகப் போவது மிகுதி. அணைக்கட்டை உயர்த்தி இதனைச் சரிப்படுத்த முயல்வது வயலை மூழ்கடிப்பதிலேயே முடியும். நீர் புகும் வாயிலில் நிற்கும் மரங்களும் புல்லும் மண்ணை அரித்து நிறுத்தும் சல்லடையாகும். அவற்றில் ஒன்றையும் விறகுக்காகத் தொடுதல் ஆகாது.

அணைக்கட்டுக்கும் முதல் வயலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் மருதும் இலுப்பையும் நிற்பதை வெறும் பற்றையென எண்ணி வெட்டி, நாலு பாத்தி வயலைக் கூட்டிக்கொண்டவர் உளர். கட்டினூடே கசியும் நீரிலுள்ள உப்பு அம்மரங்களின் வேர்ப்பகுதியிலேயே தடுக்கப்பட்டு வந்தது. மரம் போனபின் உப்பு முதல் வயலிலேயே பூத்து, கூட்டிய நாலு பாத்தியையும் பழைய பாத்தியையும் சேர்த்துக் கெடுத்தது. இவ்வாறான இடங்களில் மருதங் கன்றுகளை மீண்டும் நாட்டுவதற்குக் கமக்கார அமைப்பின் கூட்டத்திலேயே முடிவெடுத்தல் வேண்டும். தனியொருவர் நாட்டினால் மாடு தின்றுவிடும்.

காட்டிலிருந்து பந்தற்காலும் விறகும் வெட்டிவரும் தேவையும் வேலி மரத்தாற் குறையும். பாகலுக்கும் புடோலுக்கும் வேண்டிய தடிகள் மூன்றாம் ஆண்டு முதல் வேலியிலேயே கிடைக்கும். யானை நடமாடும் காட்டுக்குத் தடிவெட்டப் போவோரின் வீட்டார் இதன் அருமையை உணர்வர்.

மலைச்சரிவில்

போஞ்சி, கோவா, கிழங்கு என்பவற்றைச் சரிவில் விளைவிக்கும் பதுளை, நுவரெலியா மாவட்டத்தாருக்கு எல்லை வேலி மட்டும் போதாது; சரிவுக்குக் குறுக்கே சமவுயரக் கோட்டில் வேலி வேண்டும். பிலிப்பைன்சின் மின்டனாவோ தீவில் 1970களில் உருவான இம்முறை இங்கும் பரவியுள்ளது. சமவுயரக் கோட்டைக் காண விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. ஏழடித் தடிகள் இரண்டை மேலே சேர்த்துக் கட்டி, கால்களை விரித்து, நடுவிற் குறுக்குத்தடி பொருத்தி, உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடுக. இரு முளைகளின் மேற் கால்களை வைத்து நூல் குறுக்குத்தடியைக் கடக்கும் இடத்தைக் குறித்து, பின் கால்களை மாற்றி வைத்து மீண்டும் குறிக்க. இரு குறிகளுக்கும் நடு இடமே மட்டம். நூல் அந்நடுக்குறியில் நிற்கும்படி காலை மாற்றி மாற்றி வைத்துச் சென்றால் சமவுயரக் கோடு தானே வரும். அக்கோட்டில் சீமைக்கிளுவையை நெருக்கமாக இரட்டை வரிசையில் நாட்டி, பதினைந்து அல்லது இருபதடிக்கொருமுறை இவ்வாறு வரிசை அமைத்து, வெட்டும் குழையை வரிசையின் மேற்பக்கத்திற் குவித்துவந்தால், கரையும் மண் அங்கே தங்கிச் சில ஆண்டுகளிற் படியாகத் திரண்டுவிடும்.

கதியால் நாட்டுதல்

பெருமழை தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையே வடக்கு, கிழக்குக்கு ஏற்ற காலம். முற்றிய கொம்பில், பச்சை மாறிப் பழுப்பேறிய, ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத பருமனும் ஐந்தடி நீளமுமுள்ள தடியைத் தெரிந்து, கூரிய கத்தியால் இருமுனையையும் சாய்வாக வெட்டுக. மழுங்கிய கத்தி பட்டையை நசுக்கும். நசுங்கிய இடத்தில் வேர் விடாது. அடியையும் நுனியையும் மாற்றி நாட்டாதிருக்க வெட்டும்போதே அடையாளமிடுக. ஓரடிக்குச் சற்று மேல் ஆழத்தில் நாட்டி மண்ணை இறுக மிதிக்கவேண்டும். அலறு குச்சி போல் அசையும் கதியால் தளிர்த்தாலும் பட்டுவிடும். கதியாலிலிருந்து வளரும் மரத்தின் வேர் ஆழமாக இறங்குவதில்லை. ஆதலாற் கடும் வரட்சியுள்ள இடத்திலும் காற்று மிகுந்த பக்கத்திலும் விதையிலிருந்து வளர்த்த கன்றைச் சிலவாயினும் இடையிடையே வைப்பது நன்று.

முதலாண்டில் வெட்டலாகாது. ஓராண்டு சென்றபின் நிலத்திலிருந்து மூன்றடி உயரத்தில் முதல் வெட்டு. அதன்பின் மூன்று நான்கு மாதத்துக்கொருமுறை. பெரும்போக உழவுக்கு முன் ஒரு வெட்டு விழுமாறு நாளைக் கணித்துக்கொள்க. தை, மாசியில் வெட்டாது விட்ட மரம் இலையுதிர்த்துப் பூக்கும். பூ அழகாயிருக்கும், குழை இராது. கதியால் தளிர்க்கும் முதல் மூன்று மாதமும் அயலாட்டைக் காக்கப் பழைய கிடுகால் ஓர் அடைப்பு அடைத்துவிடல் வேண்டும்; கதியால் வேரோடியபின் அக்கிடுகைக் கழற்றித் தோட்டத்திலேயே தாழ்த்துவிடலாம்.